காப்பி இறங்கும் ஊர்

பச்சைக் காப்பிக்கொட்டைக்குக் காப்பி வாசம் கிடையாது. காய்ந்த புல்லும் ஈரச் சாக்கும் உரித்த பட்டாணியும் கலந்த ஒரு மணம்தான் அதற்கு உண்டு. நமக்குத் தெரிந்த வாசம் வறுத்த பிறகு வருவது. காப்பி கியூரிங் நடக்கும் ஊருக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் தெருவெல்லாம் டிகாக்‌ஷன் மணக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். 1980களின் கடைசியில் கும்பகோணத்திலிருந்து வத்தலக்குண்டில் வந்து இறங்கிய அந்த இளைஞரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவருடைய குடும்பத்துக்குக் கும்பகோணத்தில் காப்பித்தூள் கடை. வறுவல் டிரம்முக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். பீபெரி எத்தனை பங்கு, பிளாண்டேஷன் ஏ எத்தனை பங்கு, சிக்கரி எவ்வளவு என்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே கலந்து அரைத்துத் தருகிற கைப்பழக்கம் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே வந்துவிட்டது. கொட்டை சாக்கில் வரும். சாக்குக்கு முந்தைய கதையைக் கடையில் யாரும் பேசியதில்லை. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளத்தான், வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி போகும் பாதையில் இருந்த ஒரு கியூரிங் ஒர்க்ஸில் கிடங்குக் கணக்கர் வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்று வயது அறுபதை நெருங்குகிறது. கணக்கரில் தொடங்கித் தரம் பிரிப்பவர், களத்து மேற்பார்வையாளர், காப்பி ருசி பார்ப்பவர் என்று இந்தத் தொழிலின் எல்லாப் படிகளிலும் ஏறியிருக்கிறார். சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வத்தலக்குண்டு ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். அம்மையநாயக்கனூரில் இருக்கும் கொடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, நிலக்கோட்டை வழியாக வந்து, இங்கே ஒரு டீ குடித்துவிட்டு, காட்ரோடு தாண்டி மலை ஏறிவிடுவார்கள். லாஸ் காட் என்ற இந்த மலைப்பாதை 1910களின் நடுவில் வந்தது. அதற்கு முன் கொடைக்கானல் போன வெள்ளைக்காரர்கள் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்புவரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து ஆட்கள் சுமக்கும் நாற்காலியில் ஏறினார்கள். சாலை வந்த பிறகு மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் வத்தலக்குண்டு வாசற்படியாக நின்றது. பயணிகள் அதில் ஏறிப் போகிறார்கள். காப்பியும் மலைவாழையும் ஆரஞ்சும் மிளகும் அதில் இறங்கி வந்தன. இறங்கி வந்தவற்றை வைத்துத்தான் இந்த ஊர் பிழைத்தது.

காப்பிக்கு மட்டும் இங்கே இறங்க இன்னொரு காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

சிக்மகளூரிலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழையின் வேகம் அடங்கிய பிறகு பழம் பழுக்கிறது. பறிக்கிற மாதங்களில் பெரும்பாலும் வெயில் இருக்கும். கொட்டையைத் தோட்டத்துக் களத்திலேயே காயவைத்துவிடலாம். கீழ்ப்பழனி மலையின் நிலைமை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் ஆகிய ஊர்களில் அரபிகா பழம் சிவக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மரத்தடிவரை இறங்கி நிற்கும். பழத்தைப் பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, வழவழப்பு போகக் கழுவி எடுத்த கொட்டையைக் காயப்போட வெயில் கிடைக்காது. இரண்டு நாள் கிளறாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் அரைகுறையாகக் காய்ந்ததை மூடையில் கட்டி, மழை ஓய்ந்த ஒரு பொழுதில் மலையை விட்டு இறக்குவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. கீழே வத்தலக்குண்டிலும் பட்டிவீரன்பட்டியிலும் அதே மழை பெய்யும். ஆனால் விட்டுவிட்டுப் பெய்யும். இடையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்று வீசும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த நிலத்தின் வறட்சியே காப்பித் தொழிலுக்கு முதலீடு ஆயிற்று. நீலகிரி, ஆனைமலைக் காப்பிக்குக் கோயம்புத்தூர் கியூரிங் நகரமானதிலும் வறண்ட காற்றுக்குப் பங்கு உண்டு.

காவிரிப் பாசனத்தில் பிறந்தவருக்கு இந்த வறட்சி எளிதாகப் பழகவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டுக்காரம்மா முதல் வாரமே, “தண்ணி வர்ற அன்னைக்கு வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான்” என்று சொல்லிவைத்தார். ஆனால் வெற்றிலை விஷயத்தில் ஊர் அவரை உடனே தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கும்பகோணத்துக்காரருக்கு வெற்றிலை பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வத்தலக்குண்டின் கொடிக்கால் வெற்றிலை அவருடைய ஊர் இலையைவிடக் காரம் கூடுதல். விடியலில் கட்டுக் கட்டாக ஏலத்துக்கு வரும் வெற்றிலையைப் பார்க்க, வேலை இல்லாத நாளிலும் எழுந்து போவார்.

பேச்சும் மாறியது. முறம் இங்கே சுளகு. மூட்டை மூடை ஆயிற்று. ‘வந்துண்டிருக்கு’ என்று அவர் சொன்னால் கிடங்கில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சில மாதங்களில் ‘வந்துக்கிட்டிருக்கு’ என்று தானாகவே வந்துவிட்டது.

கியூரிங் என்றால் என்ன என்று வெளியூர் உறவினர்கள் கேட்கும்போது அவர் இப்படிச் சொல்வார். கழுவிக் காயவைத்த கொட்டைக்கு மேல் மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு ஓடு இருக்கும். அது பார்ச்மென்ட். அதற்கும் உள்ளே வெள்ளிச் சவ்வு. பழத்தை அப்படியே முழுதாகக் காயவைத்தால் அது செர்ரி. அதில் தோல், சதை, ஓடு எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். இவற்றையெல்லாம் நீக்கி, கல்லும் குச்சியும் பிரித்து, அளவு பார்த்து, கெட்டதைப் பொறுக்கி, ஏற்றுமதிச் சாக்கில் கட்டுவதுவரை உள்ள வேலை முழுவதும் கியூரிங். ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்க ஐந்தாறு கிலோ பழம் பறித்திருக்க வேண்டும். நூறு கிலோ பார்ச்மென்டை உரித்தால் ஏறக்குறைய 80 கிலோ தேறும். செர்ரியில் பாதிக்குச் சற்று மேல் தேறினால் நல்ல செர்ரி. விவசாயிக்கும் கியூரிங்காரருக்கும் நடக்கிற வாக்குவாதம் பெரும்பாலும் இந்தத் தேறுமானத்தைப் பற்றியதே.

மூடை வந்ததும் முதல் சோதனை ஈரம். பார்ச்மென்ட் 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் உரிக்கும்போது கொட்டை நசுங்கும், கிடங்கில் வெளுக்கும். மிகவும் காய்ந்துவிட்டாலோ உடையும். இப்போது கருவியில் கொட்டையைப் போட்டால் எண் வந்துவிடுகிறது. அவர் சேர்ந்த காலத்தில் களத்து மேஸ்திரியின் பல்லும் காதும்தான் கருவி. ஒரு பிடி பார்ச்மென்டை அள்ளி உள்ளங்கையில் குலுக்குவார். காய்ந்ததானால் கலகலவென்று சத்தம் வரும். ஓட்டை உரித்துக் கொட்டையைக் கடிப்பார். பல் தடம் பதிந்தால் ஈரம், பதியாமல் டக்கென்று நின்றால் பதம். கருவி வந்த பிறகு அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மேஸ்திரியின் கணிப்பு கருவியோடு ஒத்துப்போனது. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரலில் மரியாதை ஏறும்.

ஈரம் சரியென்றால் உரிக்கும் எந்திரம், பிறகு சவ்வு நீக்கும் பாலிஷர், அதன்பின் சல்லடைகள். 7.10 மில்லிமீட்டர் துளையில் நிற்பது டபுள் ஏ, 6.65-ல் நிற்பது ஏ, 6.00 பி, 5.50 சி. பழத்தில் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே ஒன்று விளைந்து உருண்டையாகிவிட்டால் அது பீபெரி. அதற்குத் தனிச் சல்லடை. உடைந்தது பிட்ஸ். கும்பகோணத்துக் கடையில் வாடிக்கையாளர்கள் பெருமையோடு கேட்டு வாங்கும் பீபெரி, செடிக்கு நேர்ந்த ஒரு குறைவிளைச்சல் என்று தெரிந்தபோது அவர் வீட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உதிரும் பார்ச்மென்ட் உமியும் வீணாவதில்லை. உலர்த்தும் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போய்விடும்.

இத்தனை எந்திரங்களையும் தாண்டிக் கொட்டை வந்துசேரும் இடம் ஒரு நீண்ட கூடம். கண் கூசாத வெளிச்சம் விழுவதற்காக உயரத்தில் கண்ணாடி பதித்த கூரை. இரண்டு வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் முன்னும் காப்பிக் குவியலும் சுளகும். தொழிலில் இதற்கு கார்பிளிங் என்று பெயர். வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு வட்டாரத்துப் பெண்களிடம் கேட்டால் ‘கொட்டை பொறுக்கப் போறோம்’ என்பார்கள். அவருடைய உண்மையான படிப்பு அந்தக் கூடத்தில்தான் நடந்தது.

கறுப்பு, பழுப்பு, வெளிறியது, பல்ப்பரில் வெட்டுப்பட்டது, பூச்சி துளைத்தது, புள்ளி விழுந்தது, நடுவில் குழிந்து யானைக் காதுபோல விரிந்தது எனப் பொறுக்கித் தள்ள வேண்டிய குறைகளின் பட்டியல் நீளம். இவற்றையெல்லாம் கண்ணால் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாத ஒன்று உண்டு. ஊறல் தொட்டியின் மூலையில் பழைய கொட்டை சிக்கி, மறுநாள் சரக்கோடு கலந்துவிட்டால் அது அளவுக்கு மீறிப் புளித்து அழுகும். வெளியே பார்த்தால் நல்ல கொட்டைபோல இருக்கும். வெட்டினாலோ வறுத்தாலோ குடலைப் புரட்டும் நாற்றம். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்டிங்கர் என்று பெயர். கூடத்தில் நாத்தக் கொட்டை. ஒரே ஒரு கொட்டை ஒரு கோப்பையையே கெடுத்துவிடும்.

அதைத் தேடிப் பிடிப்பதில் பேர்போன ஒரு மூத்த அம்மா அங்கே இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. புதிதாக வந்த கணக்கர் குனிந்து உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னது: “தம்பி, ஒத்தக் கொட்டையப் பாக்காதீங்க. மொத்தமாப் பரப்பிப் பாருங்க. சேராத நெறம் தானா மேல வரும்.” பரப்பிய குவியலில் லேசாக மங்கிய, கொஞ்சம் மெழுகு பூசியதுபோலத் தெரிகிற கொட்டையை அவர் விரல் தொட்டு எடுக்கும். நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோவார். தப்பியது அபூர்வம். இப்படிப்பட்ட கொட்டை புற ஊதா விளக்கில் ஒளிரும் என்று பிற்பாடு பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். விளக்கு இல்லாமலே அதைக் கண்டுகொண்ட கண்களை அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

இந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. காப்பி பற்றி எழுதுகிறவர்கள் தோட்டத்து முதலாளியைப் பற்றி எழுதுகிறார்கள், வறுப்பவரைப் பற்றி எழுதுகிறார்கள், இப்போது ஓட்டல்களில் நுரையில் இலை வரைகிறவரைப் பற்றியும் எழுதுகிறார்கள். தோட்டத்துக்கும் வறுவலுக்கும் நடுவில், சமவெளியின் வெக்கையில், உமித்தூசி மூக்கில் ஏற, முக்காட்டுத் துணியை வாயோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எந்தக் காப்பிக் கதையிலும் வருவதில்லை. லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் போன பழனி மலைக் காப்பியின் தரம் என்பது பெருமளவுக்கு அவர்களுடைய கை. பருவத்தில் மட்டும் வேலை. மற்ற மாதங்களில் அவர்களே கொடிக்காலில் இலை கிள்ளினார்கள், நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களில் மொட்டு எடுத்தார்கள். ஒரே விரல்கள் மூன்று தொழில்களைத் தாங்கின.

அவருடைய மனைவி திருமணமாகி வத்தலக்குண்டு வந்தபோது அவரை ஊருக்குள் அழைத்துப் போனவர்களும் அவர்கள்தான். எந்தக் கடையில் பருப்பு வாங்குவது என்பதிலிருந்து குழந்தைக்கு மாந்தம் என்றால் யாரிடம் போவது என்பதுவரை சொல்லித் தந்தார்கள். தொழிலாளிகள் என்ற முறை மெல்ல அக்கா, மதினி, சித்தி என்று மாறிவிட்டது. வெளியூர்க்காரர் உள்ளூர்க்காரர் ஆனது எந்த நாளில் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. வீட்டு விசேஷத்துக்குக் கூடத்திலிருந்து சீர்த்தட்டு வந்த பிறகு யாரும் அவரை ‘கும்மோணத்துத் தம்பி’ என்று கூப்பிடவில்லை.

பட்டிவீரன்பட்டிக்கு அவர் அநேகமாகத் தினமும் போய்வந்தார். சின்ன ஊர், ஆனால் காப்பியால் உயர்ந்த ஊர். கீழ்ப்பழனி மலையில் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் பல அங்கே வீடு கட்டி, பள்ளிக்கூடம் கட்டி, கியூரிங் எந்திரங்களையும் நிறுவின. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அந்த ஊரில் 1893-ல் பிறந்தவர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். சென்னை தியாகராய நகரில் துணி வாங்கப் போகிற எத்தனை பேருக்கு, பாண்டி பஜார் என்ற பெயருக்குப் பின்னால் இந்தக் காப்பித் தோட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியும்? கிடங்கு வேலை சீக்கிரம் முடிந்த மாலைகளில், அங்குள்ள பெரியவர்கள் சௌந்தரபாண்டியனின் கதைகளைச் சொல்ல இவர் கேட்டிருக்கிறார்.

வத்தலக்குண்டின் மற்றொரு விளைச்சல் எழுத்து. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதி 26 வயதில் மறைந்த ராஜமய்யர் இந்த ஊர். சுப்பிரமணிய சிவா 1884-ல் இங்கே பிறந்தார். மணிக்கொடியின் பி. எஸ். ராமையாவும் இந்த ஊர்தான். ‘எழுத்து’ நடத்திய சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் இங்கே. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை பேரா என்று நூலகத்தில் உட்கார்ந்து அவர் வியந்திருக்கிறார். காப்பித் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், இல்லை. ஆனாலும் குடிவந்த ஊரின் எழுத்தாளர்களைப் படிப்பது அவருக்குக் கடமையாகப் பட்டது.

அவர் சேர்ந்தபோது காப்பிக்குச் சந்தை என்று ஒன்று விவசாயிக்குக் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வியாபாரம் நின்றுபோனதும் 1940-ல் அவசரச் சட்டமாக வந்து 1942-ல் நிலைபெற்ற ஏற்பாடு அது. விளைந்த காப்பி கிட்டத்தட்ட முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். கியூரிங் ஒர்க்ஸ்கள் வாரியத்தின் முகவர்கள். தரத்துக்கு ஏற்ப மூடைக்குப் புள்ளிகள் போடப்படும். முதலில் ஒரு முன்பணம், பிறகு வாரியம் ஏலத்தில் விற்க விற்கத் தவணைகள். ஒரு பருவத்தின் கடைசித் தவணை வந்துசேர ஓராண்டு தாண்டிப்போகும். மகள் திருமணத்துக்குப் பணம் கேட்டுக் கிடங்கு வாசலில் வந்து நின்ற சிறு விவசாயிகளை அவர் பார்த்திருக்கிறார். அதே சமயம், விலை விழுந்தாலும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் உண்டு என்ற நிம்மதியும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். தொகுப்பு முறையை முழுக்கத் திட்டுகிறவர்களையும் முழுக்கப் புகழ்கிறவர்களையும் அவர் ஏற்பதில்லை.

1989 ஜூலையில் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்து உலக விலை சரிந்தது. இரண்டே ஆண்டில், இந்தியக் காப்பியை அதிகம் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் இல்லாமல் போயிற்று. 1992-ல் விளைச்சலில் ஒரு பகுதியை உள்நாட்டில் விவசாயியே விற்கலாம் என்று தொடங்கி, 1996-க்குள் தொகுப்பு முழுவதும் கலைந்தது. இடையில் 1994-ன் மத்தியில் பிரேசிலில் இரண்டு முறை உறைபனி விழுந்து உலகமெங்கும் விலை எகிறியது. அந்தப் பருவத்தில் வத்தலக்குண்டுச் சாலையில் வெளியூர் வியாபாரிகளின் ஜீப்புகள் நின்றன. கையில் ரொக்கம். மலை விவசாயிகள் அதற்குமுன் காணாத காட்சி அது. புதுக் கூரைகள் ஏறின, பிள்ளைகள் திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளுக்குப் போனார்கள்.

ஆனால் தரம் அடிபட்டது. புள்ளிக் கணக்கில், நன்றாகக் கழுவி நன்றாகக் காயவைத்தவருக்குக் கூடுதல் கிடைத்தது. ரொக்க வியாபாரிக்கு எல்லாம் ஒன்றுதான். நின்ற இடத்தில் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனார். பலர் பல்ப்பரை ஓரங்கட்டிவிட்டு, மெனக்கெடாமல் செர்ரியாகவே காயவைத்து விற்றார்கள். மலைக்காப்பியின் பெயர் மங்கத் தொடங்கியது அந்த விலையேற்றத்தில்தான் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். 2001-ல் உலக விலை பல பத்தாண்டுகளில் காணாத பாதாளத்துக்குப் போனபோது தாங்கிப் பிடிக்க வாரியத் தொகுப்பும் இல்லை, தரம் தேடி வரும் வாடிக்கையாளரும் இல்லை. கியூரிங் களங்கள் சில புல் முளைத்துக் கிடந்தன. சில, வீட்டுமனைகளாக அளந்து கல் நடப்பட்டன.

அப்போது கும்பகோணத்துக் கடைக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அவர் மறுத்தார். அந்த ஆண்டுகளில்தான் கோப்பைச் சோதனையை முறையாகக் கற்றுக்கொண்டார். லேசாக வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து வாசம் பிடித்து, ஆறவிட்டு, சத்தமாக உறிஞ்சித் துப்ப வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, சிக்கரி கிடையாது. டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்குக்கு இது இன்னொரு பிறவி எடுப்பதுபோல இருந்தது. பழனி மலை அரபிகாவில் நல்ல கனமும் மிதமான புளிப்பும் கடைசியில் மசாலா போன்ற ஒரு சாயலும் இருப்பதை அவர் நாக்கு அப்போதுதான் தனியாகப் பிரித்து அறிந்தது. நிழலுக்கு நிற்கும் மரங்களும் ஊடுபயிரான மிளகும் வாழையும் சேர்ந்து பழத்தை மெதுவாகப் பழுக்க விடுவதால் வரும் கனம் அது என்பது அவருடைய கருத்து.

கூடத்தின் கதையும் அதற்குள் மாறியது. நிறம் பிரிக்கும் மின்னணு எந்திரம் வந்தது. கொட்டைகள் வரிசையாக விழும். நிறம் மாறிய கொட்டையைக் காற்று ஊதித் தள்ளிவிடும். இரண்டு வரிசைப் பெண்கள் பல நாளில் செய்ததை அது ஒரு ஷிப்டில் முடித்தது. பெரியக்கா அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். எந்திரம் தள்ளிய குவியலை ஒரு சுளகில் வாங்கி, நல்லதென்று விட்டதை இன்னொரு சுளகில் வாங்கிப் பரப்பினார். நல்லதிலிருந்து இரண்டு நாத்தக் கொட்டைகளை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தார். அதன் பிறகும் வேலை குறைந்ததைத் தடுக்க முடியவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்குக் கடைசிப் பார்வையாகச் சிலர் மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் திண்டுக்கல் நூற்பாலைகளுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். அந்தக் கண்களின் படிப்பை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதே இந்தத் தொழிலில் அவருக்கு உள்ள பெரிய வருத்தம். இப்போது தன்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களை முதல் வாரம் எந்திரத்தின் பக்கமே விடுவதில்லை. சுளகைக் கையில் கொடுத்து, மீதமிருக்கும் அக்காமார்களின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

மலையும் அதே மலையாக இல்லை. ஒரு காலத்தில் காப்பிக்கு நடுவே கொடை ஆரஞ்சு குலுங்கியது. நோய் அதைத் தின்றது. மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கான விருப்பாச்சி வாழை அதிலிருந்து மெல்ல மீட்கப்பட்டு 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரை ஏறியது. டெல்டாவில் இருக்கும் உறவினர்களின் தென்னந்தோப்புகள் விழுந்த சேதி கேட்டுக் கலங்கியிருந்தவருக்கு, அதே புயல் மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது என்ற செய்தியும் வந்தது. பிறந்த மண்ணையும் பிழைக்கும் மண்ணையும் ஒரே காற்று உலுக்கியது. சவுக்கு மரம் என்று ஊரில் சொல்லும் சில்வர் ஓக்குகள் செடிகளின் மேலேயே விழுந்து கிடந்தன. சேதம் அத்தோடு முடிவதில்லை. நிழல் போனால் தண்டில் வெயில் படும். வெயில் பட்ட அரபிகாத் தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வந்து முட்டையிடும். புழு உள்ளே சுரங்கம் போடும், செடி மஞ்சளாகிக் காயும். புயலின் கணக்கை அடுத்த சில ஆண்டுகளின் தேறுமானத்தில்தான் கிடங்கில் பார்க்க முடிந்தது என்கிறார்.

தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும் இருக்கின்றன. புது ரகங்கள், பூச்சி மேலாண்மை எல்லாம் அங்கிருந்து வருகின்றன. ஆனால் பெயர் வாங்குவதில் பழனி மலைக் காப்பி பின்தங்கிவிட்டது. காப்பி வாரியம் இந்தியக் காப்பிப் பகுதிகளுக்குத் தனித்தனிச் சின்னம் கொடுத்தபோது பழனி மலைக்கும் ஒன்று கிடைத்தது. 2019-ல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பட்டியலில் பழனி மலை இல்லை. அதே ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் குறியீடு கிடைத்தது. பூண்டுக்காகப் பாடுபட்டவர்களைப்போலக் காப்பிக்கும் சிலர் கிளம்ப வேண்டும் என்று விவசாயிகள் கூட்டத்தில் அவர் விடாமல் பேசுகிறார்.

இந்தப் பேச்சுக்கு இப்போது செவி கிடைக்கிறது. மலையில் சில இளம் விவசாயிகள் பழுத்த பழத்தை மட்டும் தேர்ந்து பறித்து, தரையில் பரப்பாமல் கம்பிவலை மேசையில் காயவைத்து, மேலே ஒளிபுகும் பாலித்தீன் கூரை போட்டு, மழைக்குத் தப்பிய பார்ச்மென்டைக் கொண்டுவருகிறார்கள். தோட்டத்தின் பெயரோடு கொடைக்கானல் காப்பிக் கடைகளிலும் சென்னை, பெங்களூரிலும் விற்கிறார்கள். அவர்களுடைய கோப்பைகளை உறிஞ்சும்போது அவர் முகம் மலர்வதை உடனிருப்பவர்கள் பார்க்கலாம்.

பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. விலை ஏறினால் ஈரத்தோடு விற்றுவிடும் அவசரமும் ஏறும். 1994-ல் பார்த்தவருக்கு அது நன்றாகத் தெரியும். ஈரம் கூடிய மூடையை அவர் இப்போது திருப்பி அனுப்புவதில்லை. திருப்பினால் அது ரொக்க வியாபாரியிடம் போய்க் கலந்துவிடும். களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொல்கிறார். காய்ந்தால் எடை குறையுமே, அந்த நட்டம் யாருக்கு என்று மலையிலிருந்து வந்தவர் கேட்பார். 14 சதவீத ஈரத்தில் 50 கிலோ இருக்கும் மூடை, 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 48 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டுவார். காய்ந்த சரக்குக்குக் கிடைக்கும் கூடுதல் விலையையும் அதே சீட்டில் பக்கத்தில் எழுதுவார். இறக்கியபோது என்ன எடை, காய்ந்தபின் என்ன எடை, இரண்டு ஈரமும் எவ்வளவு என்று நான்கு எண்கள் எழுதி, ஒரு நகலை விவசாயியின் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறார். சென்ற பருவத்தில் அந்தச் சீட்டைக் காட்டி வேறொரு கிடங்கில் சரியான விலை வாங்கிவந்ததாகப் பெரும்பாறையிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். சரக்குத் தங்கள் கிடங்குக்கு வரவில்லையே என்று உடனிருந்த கணக்கர் முணுமுணுத்தார். அவர் அடுத்த கட்டுச் சீட்டுகளை அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.